இடப்பக்கத்துப் பந்து

நீக்கிலாஸ் கோல் கீப்பர் ஆனது விரும்பி அல்ல. மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் அணி வந்து மைதானத்தில் இறங்கிவிட்டது. ஊர் அணியின் கீப்பரோ கடலுக்குப் போனவர், கரை திரும்பவில்லை. வேடிக்கை பார்க்க நின்ற பொடியன்களுக்குள் உயரமானவன் யாரென்று தேடி, நீக்கிலாஸைப் பிடித்துக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். தனக்குக் காலால் ஒழுங்காக அடிக்க வராது என்று அவர் சொல்லிப் பார்த்தார். "காலாலை ஆர் அடிக்கச் சொன்னது? கையாலை பிடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று வலைக்குள் போன பந்துகளுக்குக் கணக்கில்லை. ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பந்து நேராக முகத்துக்கு வந்தது. பயத்தில் கைகளை உயர்த்தினார். பந்து கைக்குள் நின்றது. தோற்றுக்கொண்டிருந்த ஊர் எழுந்து நின்று அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தியது. வீட்டில் அதட்டுவதற்கு மட்டுமே அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லுவார்கள். இது வேறு மாதிரி இருந்தது.

அடுத்த ஆண்டு போர் தீவுக்குள் வந்தது. தகப்பனின் வள்ளத்தில் தாயும் தங்கை கிளடிஸும் அவருமாக இராமேஸ்வரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். முகாமில் நாள் முழுக்கச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அரிசி கொடுக்கும் நாளில் வரிசையில் நிற்பதைத் தவிர, இளைஞர்களுக்கு இருந்தது பந்து மட்டும்தான். அங்கேதான் மாக்கஸ் வந்து சேர்ந்தார். ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆள். குள்ளம், அகன்ற தோள், ஓயாத வாய். கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆட்டம் அவருடையது.

கீப்பர் என்றால் வாய் இருக்க வேண்டும். மைதானம் முழுவதையும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்; எவன் எங்கே நிற்கிறான், யாரை யார் பிடிப்பது என்று அவர்தான் கத்த வேண்டும். நீக்கிலாஸுக்கு அது வரவில்லை. பிறவியிலேயே பேச்சுக் குறைந்தவர். மாக்கஸ் அதைக் கவனித்துவிட்டு, "மச்சான், நீ பிடி. கத்துறதை நான் பாக்கிறன்" என்றார். அன்று தொடங்கிய ஏற்பாடு கடல்கள் தாண்டியும் தொடர்ந்தது.

மாக்கஸ் முதலில் கனடா வந்தார்; சில ஆண்டுகள் பிந்தி நீக்கிலாஸ் வந்தார். ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். நீக்கிலாஸ் பின்னர் தாயையும் தங்கையையும் கனடாவுக்கு எடுப்பித்தார். கிளடிஸை மாக்கஸ் கட்டினார். நீக்கிலாஸ் மன்னாரிலிருந்து வந்த செலீனைக் கட்டினார். சும்மா கூப்பிட்ட மச்சான், உண்மையிலேயே மச்சான் ஆனார்.

அப்போதுதான் தியாகலிங்கம் 'நீலக்கடல் விளையாட்டுக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார். வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் முகவர் அவர். வாரநாட்களில் கழுத்துப்பட்டி, வார இறுதியில் பயிற்சியாளரின் ஊதுகுழல். அவருடைய அணியில் நீக்கிலாஸ் கீப்பர், அவருக்கு இடப்பக்கம் மாக்கஸ். கோடை வந்தால் சனியும் ஞாயிறும் மைதானம்தான். நீக்கிலாஸுக்கு மகள் மெலனி பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை. கிழமைநாட்களில் நீக்கிலாஸ் விடிய முன்னரே நெடுஞ்சாலை ஏறிப் பிறம்ரனுக்குப் போய், ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினார். பொருட்கள் அடுக்கிய பலகைகளைத் தூக்கி, கூரையைத் தொடும் உயரத்தில் பிசகாமல் வைக்கிற வேலை. தூரத்தை அளக்கிற கண் தனக்கு என்று அவர் நினைத்திருந்தார். மேலாளரும் அதையே சொல்லுவார்.

அவருடைய பெயர் ரொறன்ரோத் தமிழ்ச் சனத்துக்குள் பரவியது ஒரு மழை ஆட்டத்தில். இறுதிப் போட்டி, சமநிலை, தண்டனை உதைகள். எதிரணியின் கடைசி ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனான். நீக்கிலாஸ் அவனுடைய காலைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ பந்து அந்தப் பக்கம் வரும் என்பது அவர் கண்டுகொண்டது. சேற்றில் நீட்டி விழுந்து, விரல் நுனியால் பந்தைக் கம்பத்தில் தட்டிவிட்டார். தியாகலிங்கம் ஊதுகுழலை எறிந்துவிட்டு ஓடிவந்து அவர்மேல் விழுந்தார். அதற்குப் பிறகு கடையில், கோயிலில், செத்தவீட்டில், எங்கே போனாலும் "கீப்பர் அண்ணை" என்றால் அவர்தான்.

நாற்பது தாண்டியும் அவர் கோலில் நின்றார். முழங்கால் வலித்தது, தோள் வலித்தது. அதெல்லாம் வழக்கமான சங்கதிகள். ஒரு வசந்த காலத்தில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பரிசோதித்த பெண் முகம் மாறி, கண் மருத்துவரிடம் போகச் சொன்னார். அந்த மருத்துவர் படங்களைத் திரையில் காட்டி விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது. கிளோக்கோமா. வலி இல்லாமல் வரும் நோய், அதனால்தான் தெரியவில்லை. வலக்கண்ணில் சேதம் குறைவு. இடக்கண்ணில் பார்வையின் பெரும்பகுதி போய்விட்டது. போனதை மீட்க முடியாது, மிஞ்சியதைக் காப்பாற்றலாம், மருந்துத் துளியைத் தவறாமல் விட வேண்டும்.

நீக்கிலாஸ் நம்பவில்லை. "எனக்கு எல்லாம் தெரியுதே" என்றார்.

மருத்துவர் அவருடைய வலக்கண்ணைப் பொத்தச் சொன்னார். அறையின் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டும் அதைச் சுற்றிப் புகையும்தான் இருந்தன. மருத்துவரின் முகம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செலீனிடம் சொன்னார். செலீன் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "அப்ப இந்தப் பந்து அடிக்கிறதை விட்டிடுவீங்கள் என்னப்பா?" என்பதுதான். நீக்கிலாஸ் மருந்துப் போத்தலை அலுமாரிக்குள் வைக்கப் போனார்.

இந்த நாட்டில் அவர் இலட்சம் பேருக்குள் ஒருவர். விடியப் போய் இருட்ட வருகிற, ஆங்கிலம் தடக்குகிற, ஒரு களஞ்சியத்தில் சீருடை போட்ட ஆள். கம்பங்களுக்கு நடுவே நின்றால் மட்டும்தான் அவர் நீக்கிலாஸ். அதையும் விட்டுவிட்டு வேறு யாராக இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கழகத்துக்கு அவர் சொல்லவில்லை.

மாக்கஸுக்கும் சொல்லவில்லை. ஆனால் மாக்கஸ் கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் பயிற்சி முடிந்து மாக்கஸின் வான் வண்டியில் வந்து கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது மாக்கஸ் கேட்டார்.

"ஏன்டா முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நிக்கிறாய்? மூண்டு கிழமையாப் பாக்கிறன்."

"கழுத்துப் பிடிப்பு."

"பொய் சொல்லாத. இடப்பக்கத்தாலை வாற பந்துக்கு நீ அசையிறதே பிந்தித்தான். கிட்ட வந்தாப் பிறகுதான் காணுறாய்."

நீக்கிலாஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. மாக்கஸ் வண்டியை எடுக்கவில்லை.

"கண் போயிட்டுது மச்சான்" என்றார் நீக்கிலாஸ். "இடது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

மாக்கஸ் வானை ஓரமாக நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார். விடச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் முகாமில் கோல் கம்பத்துக்குப் பதிலாக நட்ட இரண்டு தடிகளுக்கு நடுவே இந்த மனிதன் நின்றதைப் பார்த்தவர் அவர்.

"இடப்பக்கம் என்ர பக்கம்தானே" என்றார் கடைசியில். "நான் கத்துறன். நான் கத்தினாப் பாய். கத்தாட்டி நில்."

இரண்டு கோடைகள் அப்படிப் போயின. இடப்பக்கத்தால் பந்து உயரே எழும்பினால் மாக்கஸ் "வா!" என்று கத்துவார், நீக்கிலாஸ் முகத்தைத் திருப்பி இரண்டடி முன்னால் வந்து கைகளை உயர்த்துவார். தாழ்ந்து வந்தால் கத்தமாட்டார், நீக்கிலாஸ் கோட்டிலேயே நிற்பார். சில ஆட்டங்களில் நீக்கிலாஸ் முன்னரைவிட நன்றாக நின்றார். பார்த்தவர்கள் வயது ஏற ஏற மனிசன் மெருகேறுகிறான் என்றார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு மச்சான்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்துக்கொள்வார்கள். செலீன் மட்டும் சிரிப்பதில்லை. சனிக்கிழமை காலைகளில் மருந்துத் துளியை அவருடைய கண்ணில் விட்டுவிட்டு, போத்தலை இறுக மூடிவைப்பார்.

மூன்றாவது கோடையில், ஓர் அரையிறுதி ஆட்டத்தில் அது நடந்தது. வெக்கை. புல் காய்ந்து, காற்று அசையாமல் நின்ற மத்தியானம். எதிரணியில் ஜெனோசன் என்று ஒரு பொடியன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறவன், வேகமான கால். இடப்பக்கத்தால் பந்து உயர்ந்து வந்தது. நீக்கிலாஸின் காதில் ஒன்றும் விழவில்லை. பிறகு பலர் ஒன்றாகக் கத்துகிற சத்தம் கேட்டது. பந்து கிட்ட வந்துவிட்டது என்று புரிந்தது. முகத்தைத் திருப்புவதற்கு முன்னரே பாய்ந்து, இருக்கும் என்று நினைத்த இடத்தில் கைமுட்டியால் குத்தினார். முட்டி பட்டது பந்தில் அல்ல. தலையால் பந்தை அடிக்க எழும்பிய ஜெனோசனின் நெற்றிப் பொட்டில்.

பொடியன் விழுந்த விதம் எல்லோரையும் நிறுத்தியது. கையை ஊன்றவில்லை. அப்படியே விழுந்தான்.

அம்புலன்ஸ் வரும்வரை நீக்கிலாஸ் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். கண் திறந்தது, ஆனால் தாய் யோகராணி கூப்பிட்டதற்கு அவன் திரும்பவில்லை. யோகராணி மைதானத்துப் புல்லில் குந்தி மகனின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், ஏன் கழற்றுகிறார் என்று அவருக்கே தெரியாமல். சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள்: "கீப்பர் பந்துக்குத்தானே பாஞ்சவர். பொடியன்தான் அவசரப்பட்டு உள்ளுக்கை வந்திட்டான்." நடுவர் அட்டை ஒன்றும் காட்டவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை, மூளை அதிர்ந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அன்று பின்னேரம் மாக்கஸ் நீக்கிலாஸின் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கராஜ் வாசலில் நின்றார்.

"சொல்லுவம் மச்சான்" என்றார். "தியாகலிங்கம் அண்ணைக்கும் சொல்லுவம், அந்தத் தாய்க்கும் சொல்லுவம். இது இதோட நிக்கோணும்."

"என்னத்தைச் சொல்லுறது? ஆருக்கும் நடக்கிறதுதானே இது."

"உனக்குக் கண் தெரியாது எண்டதைச் சொல்லுவம்."

"கண் தெரிஞ்சவனுக்கும் நடந்திருக்கும்!" நீக்கிலாஸ் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியது குறைவு. "நீ வாயை மூடிக்கொண்டு இரு. அது காணும்."

மாக்கஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு திரும்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்துத் தியாகலிங்கம் வந்தார். செலீன் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "மாக்கஸ் எனக்குச் சொல்லிப்போட்டான். நான் ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை. கழகத்துக்கும் பேர் இருக்கு, உமக்கும் பேர் இருக்கு. வயசு போச்சு, ஓய்வு எடுக்கிறார் எண்டு சொல்லுவம். மரியாதையாய் வழியனுப்புவம்."

அப்படியே செய்தார்கள். மார்கழியில் கழகத்தின் இராப்போசன விருந்தில் நீக்கிலாஸை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். சனம் எழுந்து நின்று கை தட்டியது. அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். கிளடிஸ் தனியாக வந்திருந்தார். மாக்கஸ் வரவில்லை.

மாக்கஸுடன் பேசுவதை நீக்கிலாஸ் கராஜ் வாசலோடு நிறுத்தியிருந்தார். காட்டிக்கொடுத்தவன் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை, மனதில் வைத்திருந்தார். நத்தார்ப் பெருநாளுக்குக் கிளடிஸ் பிள்ளைகளோடு வந்தால், மாக்கஸ் வானில் இருந்தபடியே இறக்கிவிட்டுப் போவார். நீக்கிலாஸ் யன்னலுக்குப் போகமாட்டார். "அண்ணை, இது எவ்வளவு காலத்துக்கு?" என்று கிளடிஸ் ஒரு முறை கேட்டார். அவர் மெலனியைக் கூப்பிட்டு மருமக்களுக்குக் கேக் வெட்டிக் கொடுக்கச் சொன்னார்.

ஒன்றை மட்டும் செய்தார். விருந்து முடிந்த கிழமையில் வேலை இடத்தில் கண் விஷயத்தைச் சொன்னார். பலகைகளின் கீழே நடந்து போகிற ஆட்களை அவருக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. ஃபோர்க்லிஃப்ற்றிலிருந்து இறக்கி, திரும்பி வருகிற பொருட்களைப் பிரித்து அடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். நெடுஞ்சாலையில் ஓட்டுவதையும் விட்டு, மோர்னிங்சைட் தெருவில் இருந்து வேலைக்குப் போகிற வேறு ஆட்களின் காரில் தொற்றிக்கொண்டார்.

ஜெனோசன் அந்த ஆண்டு படிப்பைத் தொடரவில்லை. வெளிச்சம் பட்டால் தலையிடி. கணினித் திரையைப் பார்த்தால் வாந்தி. திரைச்சீலை இழுத்த அறைக்குள் மாதக்கணக்காகக் கிடந்தான் என்று செலீன் யாரிடமோ கேட்டுவந்து சொன்னார். கண் கதையும் எப்படியோ கசிந்து யோகராணியின் காதுக்குப் போனது. ஒரு நாள் அவர் நேரே வீட்டுக்கு வந்தார். குளிர்மேலாடையைக் கழற்றாமல் வாசல் விரிப்பில் நின்றபடி கேட்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கோணும். உங்களுக்குக் கண் தெரியாமலோ அண்டைக்கு நிண்டனீங்கள்?"

நீக்கிலாஸுக்குப் பின்னால் செலீன் நின்றார். அவர் மூச்சை அடக்கியது நீக்கிலாஸுக்குக் கேட்டது.

"இல்லை அக்கா" என்றார். "கண்ணிலை இப்பதான் பிரச்சினை. அண்டைக்குப் பந்தைப் பாத்துத்தான் குத்தினனான்."

யோகராணி அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்று இரவு சாப்பாட்டை மேசையில் மூடிவைத்துவிட்டு, செலீன் மகளின் அறையில் போய்ப் படுத்தார்.

காலம் போனது. பிறகு ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைபட்ட கொரோனாக் காலமும் வந்து போனது. அதன் முடிவில் ஒரு நாள் கிளடிஸ் தொலைபேசியில் எடுத்து, அழாமல் சொன்னார்: மாக்கஸுக்குக் கணையத்தில் புற்றுநோய். பிந்திவிட்டது. வைத்தியம் வேண்டாம் என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

"வரச் சொல்லி அவர் கேக்கேல்லை அண்ணை" என்றார். "நான்தான் கேக்கிறன்."

நீக்கிலாஸ் போனார். மாக்கஸின் வீட்டு முன்னறையில், சோபாக்களைச் சுவரோடு தள்ளிவிட்டு மருத்துவமனைக் கட்டில் போட்டிருந்தது. யன்னல் வெயில் போர்வையில் விழுந்திருந்தது. அந்த அகன்ற தோள் எங்கே போனது என்று தெரியவில்லை. நீக்கிலாஸ் கட்டிலின் வலப்பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்பிட்டனியோ?" என்றார்.

மாக்கஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நின்றது. "நாலு வருசத்துக்குப் பிறகு கேக்கிற கேள்வியைப் பார்."

கிளடிஸ் குசினிக்குள் போய்விட்டார். மாக்கஸ் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு சொன்னார்:

"அண்டைக்கு நான் கத்தேல்லை மச்சான்."

நீக்கிலாஸுக்கு விளங்கவில்லை.

"பந்து எழும்பினதைக் கண்டனான். நீ வரோணும் எண்டும் தெரியும். வாயைத் திறந்தன், சத்தம் வரேல்லை. ஓடி ஓடி மூச்சு அடைச்சுப்போச்சு. எனக்கும் நாப்பத்தஞ்சு தாண்டிட்டுது என்ன, உனக்கும் சேத்துப் பாக்கிற வேலை வேற. அந்தப் பொடியன் விழேக்கை எனக்குத் தெரியும், நான்தான் விழுத்தினனான் எண்டு."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ர கராஜடிக்கு வந்தது அதைச் சொல்லத்தான். நீ கத்தினாய். நான் திரும்பிப் போயிட்டன். பேந்து தியாகலிங்கம் அண்ணையிட்டை போய் உன்ர கண்ணைப் பற்றித்தான் சொன்னன். என்ர வாயைப் பற்றிச் சொல்லேல்லை. பாதியைச் சொன்னன். உன்னைக் காட்டிக் குடுத்திட்டு என்னை மறைச்சுப்போட்டன்."

நீக்கிலாஸ் போர்வையின் மடிப்பை நீவினார். இத்தனை ஆண்டு இந்த மனிதன்மேல் வைத்திருந்த கோபம் எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் தேடினார். அது அங்கேதான் இருந்தது. ஆனால் அதன் முகம் மாறியிருந்தது. நாற்பத்தைந்து வயது மனிதனின் தலையில் தன் கண்ணைச் சுமத்தியது யார்? முடியுமோ என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா? இரண்டு கோடையும் அவர் ஓடி ஓடி இளைத்ததைத் தான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதைப் பார்ப்பதற்கு வலக்கண்ணே போதும்.

"நான் உன்ர தலையிலை இதைப் போட்டிருக்கக் கூடாது" என்றார். "கண் போன அண்டைக்கே நான் விளையாட்டை விட்டிருக்கோணும் மச்சான். நீ கத்தாததிலை ஒண்டுமில்லை."

மாக்கஸ் கையை நீட்டினார். எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் கையை நீக்கிலாஸ் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"யோகராணி அக்காவிட்டைப் போ" என்றார் மாக்கஸ். "எனக்கு இனி ஏலாது. எனக்கும் சேத்துச் சொல்லு."

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் நீக்கிலாஸ் அங்கே போனார். முகம் வழித்துவிட்டார், கட்டிலில் நிமிர்த்தி இருத்தினார், பேச முடியாத நாட்களில் சும்மா பக்கத்தில் இருந்தார். இலைகள் கொட்டத் தொடங்கிய ஒரு காலை மாக்கஸ் கண்ணை மூடினார். கோயிலில் பூசை முடிந்து பெட்டியைத் தூக்கியபோது முன்வரிசையில் நீக்கிலாஸ் நின்றார். படியில் அவருடைய கால் தடுமாறாமல் மெலனி தகப்பனின் இடப்பக்கம் ஒட்டி நடந்தாள்.

மாக்கஸின் முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்த சனிக்கிழமை, நீக்கிலாஸும் செலீனும் ரூஜ் பகுதியில் இருந்த யோகராணியின் வீட்டுக்குப் போனார்கள். யோகராணி கதவைத் திறந்தார். யாரென்று கண்டதும் முகம் இறுகியது. "உள்ளுக்கை வாங்கோ" என்றார், வெளியே குளிர் என்பதால் மட்டும் சொல்வதுபோல்.

நீக்கிலாஸ் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். கண் எப்போது போனது, கழகத்துக்குச் சொல்லாமல் நின்றது, மாக்கஸ் கத்தியது, அன்று கத்த முடியாமல் போனது, பந்தைக் காணாமல் குத்தியது, பிறகு யோகராணி வீட்டுக்கு வந்து கேட்டபோது பொய் சொன்னது. பேச்சுக் குறைந்த மனிதர் ஒரே மூச்சில் அவ்வளவையும் சொல்லி முடித்தார்.

யோகராணி ஒரு கதிரையில் அமர்ந்தார். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அண்டைக்கே சொல்லியிருந்தா உங்களைப் பேசியிருப்பன். கன்னத்திலை அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பன். அதோட முடிஞ்சிருக்கும். நீங்கள் பந்தைப் பாத்துத்தான் குத்தினனான் எண்டு சொன்னாப் பிறகு நான் என்ன செய்தனான் தெரியுமோ? இந்தப் பிள்ளையைப் பேசினனான். இருட்டறையிலை தலையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்த பிள்ளையை, நீதானேடா அவசரப்பட்டு அந்தாளின்ரை கைக்குள்ளை தலையைக் குடுத்தனி எண்டு பேசினனான். எத்தினை தரம்! சனமும் அதைத்தானே சொன்னது."

நீக்கிலாஸ் இதை ஒருபோதும் யோசித்ததில்லை. தான் சொல்லாமல் விட்டது தன்னுடைய பெயரை மட்டும் மூடி வைத்தது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். அது இன்னொருவன்மேல் போய் விழுந்து கிடந்தது அவருக்குத் தெரியாது.

மாடிப்படியில் ஜெனோசன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. மெலிந்த, தாடி வைத்த இளைஞன் ஆகிவிட்டான். பகலிலும் இலேசாக நிறமூட்டிய கண்ணாடி போட்டிருந்தான்.

"சோ, அது என்ர பிழை இல்லையா அங்கிள்?" என்று கேட்டான்.

"இல்லை தம்பி" என்றார் நீக்கிலாஸ். "நீ ஓடினது சரி. எழும்பினதும் சரி. அந்தப் பந்து உன்ர பந்து."

ஜெனோசன் கைப்பிடியைப் பிடித்தபடி படியில் அமர்ந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தான். "ஐ ஆல்வேஸ் தோட் ஐ வாஸ் ஸ்ரூப்பிட்" என்றான், யாரிடமும் இல்லாமல். யோகராணி எழுந்து போய் அவன் பக்கத்தில் இருந்தார். வளர்ந்த பிள்ளை என்று பார்க்காமல் தலையைத் தன் தோளோடு இழுத்து வைத்துக்கொண்டார். "அம்மாவிலையும் பிழைதானேடா" என்றார்.

நீக்கிலாஸும் செலீனும் அந்த இடத்தில் நிற்பதற்கு உரிமை இல்லாதவர்கள்போல் சப்பாத்துகள் இருந்த பக்கம் நகர்ந்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை நீக்கிலாஸ் கேட்கவும் இல்லை, யோகராணி கொடுக்கவும் இல்லை. அடுத்த கழகக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொல்லப் போவதாக மட்டும் நீக்கிலாஸ் சொன்னார். சொல்லவும் செய்தார், தியாகலிங்கம் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குப் பிறகு சிலர் அவரைக் கண்டால் பேசாமல் போகிறார்கள். சிலர், செத்துப்போன மாக்கஸின் பெயரை ஏன் இழுத்தார் என்று கிளடிஸிடம் குறைப்பட்டார்கள். கிளடிஸ், "மாக்கஸ்தான் இழுக்கச் சொன்னவர்" என்று மட்டும் பதில் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வாசலில் செலீன் குனிந்து நீக்கிலாஸின் சப்பாத்தைத் திருப்பிவைத்துக் கொண்டிருந்தபோது, யோகராணி பின்னாலேயே வந்தார். கண் சிவந்திருந்தது. குரலில் கடுமை முழுதும் போகவில்லை.

"படிப்பை இந்த முறைதான் முடிக்கிறான்" என்றார். "தையிலை கடைசிச் சோதினை. திரையைப் பாத்து எழுதுறதாலை தலையிடி வந்திடுமோ எண்டு பயப்பிடுறான். நான் பிள்ளையாருக்கு நேந்து வைச்சிருக்கிறன். நீங்களும் உங்கடை கோயிலிலை ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கோ."

"ஓம் அக்கா" என்றார் நீக்கிலாஸ்.

செலீன் காரை ஓட்டித் தெருமுனையைத் தாண்டினார். பிறகு நேரே தெருவைப் பார்த்தபடி, "நாளைக்குக் காலமைப் பூசைக்கே போவம்" என்றார்.